வராத போனுக்கு உறை

கார் சீட்டுக்குக் கவர் தைக்கிறவர் அவர். வட்டாரத்தில் எல்லோருக்கும் கவர்க்காரர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் தகரக் கடைகளில் ஒன்று அவருடையது. ஒரு பக்கம் டயர்க்காரர், இன்னொரு பக்கம் வண்டிக் கண்ணாடி மாற்றுகிறவர். நடுவில் ரெக்ஸின் சுருள்களுக்கும் பஞ்சு மூட்டைகளுக்கும் இடையே, காலால் மிதிக்கிற தையல் மெஷினோடு மெஷினாக இவர்.

அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே உறவு அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, ஓட்டல் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு அவரை ஆளாக்கியவள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "முதல்ல இவனுக்கு ஒரு வழி பண்ணிட்டு வரேன்" என்றாள். இவருக்கு வழி பிறந்தபோது இவர், "அக்காவுக்கு ஆகாம எனக்கு எதுக்கு" என்றார். இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு, ரொம்ப நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த அக்காவுக்கு இதயத்தில் ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று டாக்டர் சொன்னார். ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வார்டில் செல்போனுக்கு அனுமதி கிடையாது. போய்ப் பார்க்க வாரத்தில் இரண்டே நாள்தான். நர்சின் மேஜையில் ஒரு போன் உண்டு; நோயாளிகள் அதிலிருந்து வெளியே பேசலாம். வெளியிலிருந்து அதற்குக் கூப்பிட்டால் புல்லாங்குழல் வாசிக்கும், வாசித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

"ஆபரேஷன் என்னைக்குன்னு டாக்டர் சொன்னதும் கூப்பிடறேன்டா" என்றாள் அக்கா. "நீ வந்து வாசல்ல நின்னாத்தான் நான் உள்ள போவேன். அந்த டப்பாவை மட்டும் அணைய விட்டுடாத."

டப்பா என்றது அவருடைய போனை. பெரிய கம்பெனி போன்தான். ஒரு வண்டிக்காரர் புதுசு வாங்கியபோது பழசை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதற்கு இரண்டு நோய். பேட்டரி கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும்; சார்ஜ் துளை தளர்ந்துபோய் வயரைச் செருகினால் நிற்காது. அக்காதான் எங்கேயோ பேரம் பேசி, உள்ளேயே கூடுதல் பேட்டரி வைத்த ஒரு தடித்த உறையை வாங்கிவந்து மாட்டினாள். அது போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உயிர் கொடுத்தது. மாட்டினால் செங்கல் கனம். சட்டைப் பை கிழிந்துவிடும் என்று கவர்க்காரர் அதற்கு ரெக்ஸினில் ஒரு பை தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். டிப்போவில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரு நாள் காலையில் உறையின் முதுகில் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை. தட்டினார், ஊதினார், வெயிலில் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. உறையில்லாத போன், அவர் ஒரு சீட்டின் முதுகுப் பக்கத்தைத் தைத்து முடிப்பதற்குள் கண்ணை மூடியது.

"சிம்மைக் கழட்டி என் போன்ல போடுண்ணே" என்றார் டயர்க்காரர்.

இரண்டு பேரும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிம் போடுகிற இடமே இல்லை. அது உள்ளேயே பதிந்து வருகிற மாடல். கழற்றக்கூடிய எதையும் அந்தக் கம்பெனி வைப்பதில்லை, மனுஷனின் பொறுமையைத் தவிர.

கவர்க்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கிளம்பினார்.

போன் உறை விற்கும் கடைகள் ஒரு தெரு நிறைய இருந்தன. முதல் கடைக்காரர் செங்கல்லை வாங்கிப் பார்த்துவிட்டு, செத்த எலியைத் தருவது போலத் திருப்பித் தந்தார்.

"இந்த மாடலுக்கா? இருந்த சரக்கையெல்லாம் போன வாரமே திருப்பி அனுப்பிட்டேன்ணே. புதுசு வருது இல்ல?"

"எப்ப வருது?"

"அது யாருக்குத் தெரியும்? வருதுன்னு பேசிக்கறாங்க."

கடைச் சுவர் முழுக்கப் பேட்டரி உறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் புதுசு, எல்லாம் பளபளப்பு.

"அப்ப இதெல்லாம் எந்தப் போனுக்கு?"

"வரப்போற போனுக்கு."

"போனே வரலையே. அளவு எப்படிங்க தெரிஞ்சுது?"

"வதந்திதான்ணே. மூலை கொஞ்சம் வளைவாம், கேமரா மேடு மூணாம்."

"நாலுன்னு யாராவது சொன்னா?"

"அதுக்குத் தனியா அடுக்கி வச்சிருக்கேன்" என்று கடைக்காரர் எதிர்ச் சுவரைக் காட்டினார்.

கவர்க்காரருக்குத் தலை சுற்றியது. வண்டியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சாண் ரெக்ஸின்கூட வெட்டியதில்லை அவர். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் மூன்று மேட்டில் ஒன்றும் நான்கு மேட்டில் ஒன்றும் வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனாள். உள்ளே போன் இல்லாத உறைகள்.

"நேரா கம்பெனி மாளிகைக்கே போயிடுங்கண்ணே. அங்க இல்லாதது எங்கயும் இல்ல" என்றார் கடைக்காரர்.

கம்பெனி அதை அனுபவ மாளிகை என்று அழைத்தது. கடை என்று சொன்னால் காவலாளி திருத்துவார். வாசலில் பெரிய வரிசை. பாய், தலையணை, மடக்கு நாற்காலி, குடையெல்லாம் வைத்துக்கொண்டு வரிசையில் குடித்தனமே நடந்தது. தொப்பி போட்ட ஒருவர் முதல் ஆளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குங்க வரிசை?"

"புது மாடலுக்கு."

"இன்னைக்கு விக்கறாங்களா?"

"வரும்னே இன்னும் சொல்லலையே" என்றார் தொப்பிக்காரர், குழந்தைக்குச் சொல்வது போல. "சொன்னப்புறம் வந்து நின்னா இடம் கிடைக்குமா?"

ரிப்பேருக்கு வருகிறவர்களுக்கு வேறு வழி. கவர்க்காரர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்ததும், ஒரே நிறச் சட்டை போட்ட இளைஞர்கள் வரிசையாக நின்று படபடவென்று கைதட்டினார்கள். யாரோ பெரிய மனிதர் பின்னால் வருகிறார் என்று நினைத்து அவர் ஒதுங்கி வழிவிட்டார். யாரும் வரவில்லை. கைதட்டல் நிற்கவும் இல்லை. ஒரு இளைஞன் காதருகே குனிந்து, "நீங்க சிரிச்சாத்தான் சார் நாங்க நிறுத்த முடியும்" என்றான். கவர்க்காரர் சிரித்தார். நிறுத்தினார்கள்.

கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். பார்க்க நல்ல மாதிரி. போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"பழைய போன்மா" என்று கவர்க்காரர் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்.

அவள் சட்டென்று இருபுறமும் பார்த்தாள். "அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாது சார். அனுபவமிக்க சாதனம்னு சொல்லணும்."

"சரிம்மா. இந்த அனுபவமிக்கதுக்கு ஒரு பேட்டரி கவர் வேணும். இருக்கா?"

"இருக்கு சார். உள்ள நிறைய இருக்கு. இப்ப விக்கக் கூடாது."

"ஏம்மா?"

"புது மாடல் வரப்போறதா வதந்தி இருக்கு சார்."

"வருதா?"

"அதை நாங்க சொல்லக் கூடாது."

"அப்ப வரலையா?"

"அதையும் சொல்லக் கூடாது."

"நீ எதையும் சொல்ல வேண்டாம் தாயி. கவரை மட்டும் குடு."

"குடுத்தா, புதுசு இப்போதைக்கு வரலைன்னு நாங்களே சொன்ன மாதிரி ஆயிடும் சார். இல்லைன்னு சொன்னா, புதுசு வருதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனால..."

"அதனால?"

"அதனால உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. சுவரில் இருந்த பெரிய திரையில் அன்றைய வதந்திகள் ஓடின. ஒவ்வொன்றுக்கும் கீழே, 'இதுகுறித்து நாங்கள் கருத்துச் சொல்வதில்லை' என்று அழகான எழுத்தில் வந்தது. கருத்துச் சொல்லாமல் இருப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு மாடியில் இயங்குவதாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்.

கவர்க்காரர் மறுபடி எழுந்து கவுண்டருக்குப் போனார்.

"அம்மா, எங்கக்கா ஆஸ்பத்திரியில இருக்கா. ஆபரேஷன் தேதியைச் சொல்ல இதுலதான் கூப்பிடுவா. இது அணைஞ்சு கிடந்தா எனக்குத் தெரியாமப் போயிடும்மா."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள்.

"ஒரு வழி இருக்கு சார். உங்க சாதனத்தை மதிப்பீட்டுக்குக் குடுத்துட்டா, எதிர்பார்ப்பு மேலாளர் பார்த்து விசேஷ அனுமதியில கவர் தருவார். அதுவரைக்கும் கண்ணாடி அறையில வச்சு சார்ஜ் ஏத்திடறேன்."

"எதிர்பார்ப்புக்கு மேலாளரா?"

"ஜனங்க எதிர்பார்க்கறதைக் குறையாம பார்த்துக்கறவர் சார்."

கவர்க்காரர் இடுப்புப் பையை அவிழ்த்துப் போனைக் கொடுத்தார். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. கூடத்தின் நடுவில் இருந்த கண்ணாடி அறையில், வெல்வெட் மெத்தை மேல் போனைக் கிடத்தி, ஒரு கிளிப்பால் வயரை இறுக்கிப் பொருத்தினார்கள். திரை ஒளிர்ந்தது. கதவு பூட்டிக்கொண்டது. மேலாளரின் விரல் பட்டால்தான் இனி அது திறக்கும்.

போனுக்கு உயிர் வந்ததைப் பார்த்த நிம்மதியில் அவர் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்றார். இசை முழங்கியது. கைதட்டும் இளைஞர்கள் ஓடிவந்து அணிவகுத்தார்கள். வெளியே இருந்த வரிசையையும் உள்ளே விட்டார்கள். எதிர்பார்ப்பு மேலாளர் மேடையில் ஏறினார். மெல்லிய உடம்பு, மெல்லிய கண்ணாடி, மெல்லிய புன்னகை. ஆளே அடுத்த மாடல் மாதிரி இருந்தார்.

"நண்பர்களே! புதிய மாடல் வருமா என்று கேட்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். அது வந்துவிட்டால், பிறகு எதற்காக நீங்கள் காத்திருப்பீர்கள்?"

கைதட்டல்.

"ஒரு போனைச் செய்து விற்பது எளிது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். இல்லாத ஒரு போனைக் காட்டி, கையில் இருக்கும் போனை வெறுக்க வைப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பை இரவு பகலாக உங்களுக்காகத் தருகிறோம்!"

தொப்பிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கள் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்கிறார்கள் சிலர். பேட்டரியை மட்டும் நாங்கள் தயாரிக்கவில்லை நண்பர்களே, அது எப்போது தீர வேண்டும் என்பதையும் சேர்த்தே தயாரிக்கிறோம். அதன் பிறகு உறையையும் நாங்களே தருகிறோம். காயத்தையும் கட்டையும் ஒரே கூரையின் கீழ் தரும் வேறொரு நிறுவனத்தை நீங்கள் காட்ட முடியுமா?"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அப்போதுதான் கண்ணாடி அறைக்குள் போன் நடுங்கியது.

சத்தம் வெளியே கேட்கவில்லை. வெல்வெட் மெத்தையில் அது கவிழ்ந்த வண்டு மாதிரித் துடித்துச் சுற்றியது. திரையில் பெரிதாக 'அக்கா' என்று எரிந்தது. ஆஸ்பத்திரி நம்பரை அவர் அப்படித்தான் போட்டு வைத்திருந்தார்.

"அம்மா! அக்கா கூப்பிடறாம்மா! கதவைத் திற!"

கவுண்டர் பெண் ஓடிவந்தாள். கதவை இழுத்தாள். "மேலாளர் விரல் வேணும் சார். அவர் மேடையில இருக்கார்."

"கூப்பிடும்மா அவரை!"

"பேச்சு நடக்கும்போது..." என்று ஆரம்பித்தவள், பாதியில் விட்டுவிட்டு மேடையை நோக்கி ஓடினாள்.

கவர்க்காரர் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினார். காவலாளி வந்து தோளைத் தொட்டார். "கை வைக்காதீங்க சார். ரேகை படுது."

"எங்கக்காங்க..."

"புரியுது சார். துணி வச்சுத் தட்டுங்க."

அதற்குள் வரிசையில் இருந்த யாரோ ஒருவர், "அங்க பாரு! உள்ள ஏதோ எரியுது!" என்று கத்தினார். "கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்கடா! அதுதான்! தானா நகருது!" அவ்வளவுதான். வந்த கூட்டம் முழுக்கத் திரும்பிக் கண்ணாடி அறையை மொய்த்தது. போன்களைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் பிடித்தார்கள். கவர்க்காரரை இடித்துப் பின்னால் தள்ளினார்கள். யாரோ ஒருவரின் முழங்கைக்கும் இன்னொருவரின் தோளுக்கும் இடையே ஒரு சின்னச் சந்தில், அக்கா என்ற எழுத்து எரிந்து அணைவதைப் பார்த்தார்.

மேடையில் அந்தப் பெண் மேலாளரின் காதில் ஏதோ சொன்னாள். மேலாளர் மைக்கைப் பொத்தாமலே, "முடித்துவிட்டு வருகிறேன்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து உருகினார். "பாருங்கள், அங்கே ஒரு பெரியவர் கண்ணாடியைத் தட்டி அழுகிறார்! இந்தத் தவிப்புக்குப் பெயர்தான் நம் நிறுவனம்!"

எல்லோரும் கவர்க்காரரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

போன் இரண்டாவது முறை துடித்தது. இந்தத் தடவை ரொம்ப நேரம் துடித்தது. பிறகு அடங்கியது.

கவர்க்காரர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. போனை விட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் சிக்னல். ஒவ்வொரு சிக்னலிலும் எழுந்து நின்றார், அவர் நின்றால் பஸ் சீக்கிரம் போகும் என்பது போல.

பெரிய டாக்டர் வெளியூர் போகவேண்டி வந்ததால் ஆபரேஷனை அன்றைக்கே வைத்துவிட்டார்களாம். கவர்க்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது வார்டில் அக்காவின் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை மாற்றியிருந்தார்கள். மடிப்பு சரியாக இல்லை. அக்கா பார்த்திருந்தால் உதறித் திரும்பப் போட்டிருப்பாள்.

இருட்டும்வரை வராந்தாவில் காத்திருந்தார்; பிறகு வயதான நர்ஸ் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் சொன்னாள். கதவைச் சரி செய்துவிட்டார்களாம். இதயம்தான் திரும்ப ஓட மறுத்துவிட்டதாம்.

"உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கூப்பிட்டாங்கய்யா" என்றாள். "முதல் தடவை எடுக்கலைன்னதும், 'மெஷின் சத்தத்துல அவனுக்குக் கேட்காது, இன்னொரு தடவை போடும்மா'ன்னாங்க. ரெண்டாவது தடவை ஏதோ பேசினாங்க. எடுக்கலைன்னா பேசறது பதிவாகும் போல, உங்க போன்ல. கொஞ்ச நேரம் பேசினாங்க. சிரிச்சாங்ககூட."

"என்ன பேசினா?"

"நான் தள்ளி நின்னுட்டேன்யா. தம்பிகிட்டப் பேசறாங்க, நாம எதுக்குக் கேட்கணும்னு."

அவர் தலையை ஆட்டினார். நியாயம்தான் என்றார். ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

டயர்க்காரரும் கண்ணாடிக்காரரும் கூட நின்று எல்லாவற்றையும் செய்து முடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் போய் நின்ற முதல் இடம் மாளிகை வாசல். சாதனம் மதிப்பீட்டில் இருக்கிறது என்றார்கள். மறுநாளும் போனார். அதையே சொன்னார்கள். சத்தம் போட்டார், கைதட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதால் ரொம்ப நேரம் தட்டினார்கள். "ஒரே ஒரு தடவை காதுல வச்சுக் கேட்டுட்டுத் திருப்பித் தந்துடறேன்" என்று காவலாளியிடம்கூடக் கெஞ்சிப் பார்த்தார்.

கவுண்டர் பெண் நடந்ததையெல்லாம் புகாராக எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பியிருந்தாள். அதன் பலனாக ஒரு நாள் தகரக் கடை வாசலில் நீளமான கார் வந்து நின்றது. எதிர்பார்ப்பு மேலாளர் இறங்கினார். பஞ்சு மூட்டையின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க இழப்பு எங்களை உலுக்கிடுச்சு. தலைமையகத்துல இதைப் படிச்சவர் அழுதே விட்டாராம். அழுதுட்டு உடனே விளம்பரப் பிரிவுக்கு அனுப்பினார்."

கவர்க்காரர் மெஷினை நிறுத்தினார். "என் போன் எங்க?"

"பத்திரமா இருக்கு. கொஞ்சம் கேளுங்க. பேட்டரி தீர்ந்துடுமோங்கற பயத்துக்கு இதுவரைக்கும் ஒரு முகம் இல்லாம இருந்துதுய்யா. எத்தனையோ நடிகர்களை வச்சுப் பார்த்தோம். யார் அழுதாலும் காசு வாங்கிட்டு அழற மாதிரிதான் தெரியுது. உங்க முகத்துல அந்தக் குறை இல்லை. புதுப் பேட்டரி உறைக்கு நீங்கதான் பொருத்தம்."

"எந்தப் போனுக்கு உறை?"

மேலாளர் வெட்கப்பட்டார். "அதை நான் சொல்லக் கூடாது."

டயர்க்காரர் நட்டுக் கழற்றும் பானாவோடு எழுந்து வந்தார். கவர்க்காரர் கையமர்த்தினார்.

"எனக்கு விளம்பரமும் வேண்டாம், உறையும் வேண்டாம். அதுல எங்கக்கா பேசினது இருக்கு. போனைக் குடுங்க, போதும்."

"தாராளமா! ஆனா சும்மா கையில குடுத்தா எங்க மரியாதை என்ன ஆகறது? ஒரு சின்ன விழா வச்சிடலாம். நீங்க மேடைக்கு வாங்க, அவ்வளவுதான். படம் நாங்க எடுத்துக்கறோம்."

டயர்க்காரர் வேண்டாம் வேண்டாம் என்றார். கவர்க்காரர் சம்மதித்தார். அக்கா என்ன சொல்லிவிட்டுச் சிரித்தாள் என்று தெரியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நேரம் அவள் திட்டியிருப்பாள் என்று தோன்றும், இன்னொரு நேரம் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாள் என்று தோன்றும். திட்டியிருந்தால் பரவாயில்லை.

விழாவில் அவருக்கு மாலை போடுவது போல ஒரு பட்டையைப் போட்டார்கள். மேலாளர் உறவுகளைப் பற்றிப் பேசினார். உறவுகளுக்கும் அவ்வப்போது மேம்பாடு தேவை என்றார். பிறகு பளபளக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்துவந்தது அந்தக் கவுண்டர் பெண்தான். பெட்டியை நீட்டும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கவர்க்காரர் பெட்டியைப் பிரித்தார். அவருடைய போனேதான். பேட்டரியையும் சார்ஜ் துளையையும் சரி செய்து, கீறல்களைக்கூடத் தேய்த்து மெருகு போட்டிருந்தார்கள். அமுக்கினார். திரை மலர்ந்தது. 'வணக்கம்! நாம் முதலில் அறிமுகமாகிக்கொள்வோமா?' என்று கேட்டது.

அவர் தடவிப் பார்த்தார். எங்கே தடவினாலும் வெள்ளையாகவே இருந்தது.

"இதுல... இதுல ஒரு குரல் இருந்துதே."

மேலாளர் மைக்கை இழுத்துக்கொண்டார். "எல்லாத்தையும் துடைச்சுட்டோம்யா! உங்க அந்தரங்கம் வேற யார் கையிலயும் சிக்கிடக் கூடாது இல்லையா? மத்தவங்களுக்கு இதுக்குத் தனிக் கட்டணம். உங்களுக்கு இலவசம்!"

கைதட்டல்.

"திரும்பக் கொண்டுவர முடியாதுங்களா? கொஞ்சமாவது?"

"திரும்பவே முடியாத மாதிரி அழிக்கிறதுலதான்யா நம்ம பேரே நிக்குது."

அதற்கும் கைதட்டினார்கள். கவுண்டர் பெண் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள் முதல் அவள் அங்கே வேலையில் இல்லை என்று பிறகு தெரிந்தது.

கவர்க்காரர் பெட்டியோடு வெளியே வந்தார். நாலு படி இறங்கினார். அங்கேயே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அழாதவர், அக்காவை வழியனுப்பியபோது அழாதவர், அந்தப் படியில் பட்டப்பகலில், போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

தொப்பிக்காரர்தான் முதலில் பார்த்தார். வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார், மெருகேறிய போனைப் பார்த்தார், அழுகையைப் பார்த்தார்.

"வந்துடுச்சு!" என்று அலறினார். "டேய், வந்துடுச்சுடா! ஒருத்தர் வாங்கிட்டார்!"

பாயும் தலையணையும் பறந்தன. வரிசை முழுக்க ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. "அண்ணே, ஒரு நிமிஷம் இப்படிக் காட்டுங்க!" "எத்தனை மேடுண்ணே?" "கையில பிடிக்க எப்படி இருக்கு? சொல்லுங்கண்ணே!" படம் எடுத்தார்கள். அவர் முகத்தைத் திருப்பினால் அந்தப் பக்கம் போய் எடுத்தார்கள். மாலைக்குள் அந்தப் படம் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. 'புது மாடல் கையில் கிடைத்ததும் ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் முதல் அதிர்ஷ்டசாலி.' படத்தை ஆராய்ந்து மூலை வளைவைக் கணக்கிட்டார்கள். உறைக் கடைத் தெருவில் மூன்று மேடும் நான்கு மேடும் வீதிக்கு வந்தன. எல்லோரும் படத்தில் தெரிந்த ஒற்றை மேட்டுக்கு மாறினார்கள்.

டிப்போவிலும் படம் வந்து சேர்ந்தது. விஷயம் தெரியாத டிரைவர்கள் கடை வழியாகப் போகும்போது, "என்னண்ணே, ஒரே சந்தோஷம் போல!" என்று குரல் கொடுத்தார்கள். முதலில் இரண்டு மூன்று பேருக்கு அவர் நடந்ததைச் சொல்ல முயன்றார். அவர்கள் பாதிக் கதையிலேயே போனைக் காட்டச் சொன்னார்கள். அதன் பிறகு, "ஆமாப்பா, சந்தோஷம்தான்" என்று சொல்லிவிட்டுத் தைத்தார்.

டயர்க்காரருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கேட்டே விட்டார்.

"அதான் ஒண்ணுமே இல்லையே அதுல. எதுக்குண்ணே இன்னும் மேஜையில எதிர்லயே வச்சுக்கிட்டு? சாக்கடையில போடு."

 கவர்க்காரர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. டயர்க்காரர் நிமிர்வதற்குள், மெஷின் சக்கரம் சுற்றி நிற்பதற்குள், கவர்க்காரர் அதை எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

"சொல்லுக்கா" என்றார்.

பதிவு செய்த ஒரு பெண் குரல், அவர் கம்பெனிக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல ஆரம்பித்தது. டயர்க்காரர் எட்டி அதைப் பிடுங்கப் போனார். கவர்க்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அது பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.